வெள்ளைப் புள்ளி நாற்காலிகள்

அழ வேண்டும். இப்போது அழுதால் பொருத்தமாக இருக்கும். சங்கச் செயலாளர் குரல் தழுதழுக்கிற இடம் இது. என் வலது பக்கத்தில் மகள் ஆவுடை மூக்கை உறிஞ்சத் தொடங்கிவிட்டாள், பின்னால் யாரோ ஒருத்தி உச்சுக் கொட்டுகிறாள், எனக்கோ வடை வாசம்தான் வருகிறது. கூட்டம் முடிந்ததும் கொடுக்க, கீழே மாடிப்படி ஓரத்தில் அடுப்பு வைத்து உளுந்த வடை சுடுகிறார்கள். மிளகு தட்டிப் போட்டிருக்கிறார்கள், பெருங்காயமும் தாராளம். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்தது தப்பு. வாயில் எச்சில் ஊறுகிறது, விழுங்குகிறேன், அதைப் பார்த்த ஆவுடை நான் துக்கத்தை விழுங்குவதாக நினைத்து என் முழங்கையைப் பிடித்துக்கொள்கிறாள். சீ, என்ன பிறவி நான். கட்டிய புருஷன் போய் முப்பதாம் நாள், வியாபாரிகள் சங்கக் கட்டடத்தில் ஊரே கூடிப் படம் திறக்கிறது, பெருங்காயம் போதுமா என்று பார்க்கிற பொம்பளை இந்தக் கோவில்பட்டியிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மேடையில் மாலைக்குள் இருந்து அவர் பார்க்கிறார். கழுத்துப் பட்டன் போட்டிருக்கிறார். ஸ்டுடியோக்காரன் போடச் சொல்லியிருப்பான், வாழ்நாளில் அவர் அந்தப் பட்டனைப் போட்டதில்லை. எனக்கு சங்கரலிங்கம் என்கிற புருஷன், ஊருக்கு வாடகைக் கடை லிங்கம் அண்ணாச்சி. பந்தல், நாற்காலி, டியூப் லைட், மைக் செட், அண்டா, குண்டா எல்லாம் எங்கள் கடையில் இருந்துதான் போகும். கல்யாணம், சடங்கு, கோயில் கொடை என்றால் வாடகை. துக்க வீடு என்றால் கிடையாது. யார் செத்தாலும் முதல் நாற்காலி எங்களுடையதுதான் போய் விழும், நாலு டியூப் லைட் எரியும், அவரே போய்க் கட்டிவிட்டு ஓரமாக நிற்பார். இதைத்தான் செயலாளர் மூன்று விதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். மூன்றும் உண்மைதான்.

இடது பக்கம் திரும்பக் கூடாது. திரும்பினால் திருமணி தெரிவான். என் மகன், முன்வரிசைக் கடைசி நாற்காலியில், கைகளைத் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டு, தரையில் எதையோ படிக்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கு இந்தப் பக்கம் இரண்டு நாற்காலி காலி. கூட்டம் வாசல்வரை நிற்கிறது, மரக்கடை ஆட்கள் சுவரில் சாய்ந்து நிற்கிறார்கள், அந்த இரண்டு நாற்காலியில் மட்டும் யாரும் உட்காரவில்லை. ஒரு கிழவர் உட்காரப் போய், பக்கத்தில் இருப்பது யார் என்று பார்த்துவிட்டு, வேட்டியைச் சரிசெய்கிற சாக்கில் நகர்ந்துவிட்டார். ஏன் என்று எனக்குத் தெரியும், இந்த மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும். கடையை விற்கிறோம். நாளைக்குக் காலையில் அதை வாங்குகிற எட்டயபுரத்துக்காரர் லாரி கொண்டுவந்து அத்தனையும் ஏற்றிக்கொண்டு போகப்போகிறார். அப்பன் சேர்த்த பேரை முப்பது நாளில் காயலான் கடைக்குப் போட்டுவிட்டான் மகன் என்று ஊர் பேசுகிறது. பேசட்டும். பேசட்டும் என்று நான் எப்படிச் சொல்வேன். விற்கச் சொன்னது அவன் இல்லை, நான். அவன் வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சினான், நான்தான் கேட்கவில்லை. இது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும், ஆவுடைக்குக்கூடத் தெரியாது, அவளும் நேற்றிலிருந்து தம்பியோடு பேசவில்லை. நான் நடுவில் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் பார்க்காமல், மேடையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஃபேன் கிறீச் கிறீச்சென்று சுற்றுகிறது. எண்ணெய் போட ஆள் இல்லை. இந்தக் கட்டடத்து ஃபேனுக்கும் அவர்தான் எண்ணெய் போடுவார்.

"இன்னொரு விஷயம் சொல்லணும்," என்கிறார் செயலாளர், "அண்ணாச்சி தொழில்ல எவ்வளவு சுத்தம்னு ஒரே ஒரு உதாரணம் போதும். துக்க வீட்டுக்குப் போற சேருக்கு அடியில வெள்ளப் புள்ளி வச்சிருப்பாரு. அந்தச் சேரு செத்தாலும் கல்யாண வீட்டுக்குப் போவாது. முப்பது வருஷத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள் மாறினது கிடையாது. அப்படி ஒரு மனுஷன்." ஐயோ. சிரிப்பு வருகிறது. அடிவயிற்றில் இருந்து எழும்பி வருகிறது, சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொள்கிறேன். வெள்ளைப் புள்ளி இருந்தது வாஸ்தவம். அதை மதித்தவர் யார்? தை மாதம் பிறந்தால் ஊரில் தெருவுக்கு ஒரு கல்யாணம், நாற்காலி பற்றாது, புள்ளி வைத்தது வைக்காதது எல்லாவற்றையும் ஃபினாயில் போட்டுக் கழுவி ஒன்றாக அடுக்கி அனுப்பிவிடுவார். ஆவுடை கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார் வந்து உட்கார்ந்தது அத்தனையும் புள்ளி. நான் பார்த்துவிட்டுப் பதறிப்போய் ஓடினேன். "ஏங்க, அடியில பாத்தீங்களா?" "பாத்தேன்." "பாத்துட்டுமா போட்டீங்க?" "ஏ பேச்சி, குனிஞ்சு சேருக்கு அடியிலயா பாக்கப் போறாக? சாவு வீட்டுச் சேருதான்ட்டி நல்ல சேரு. எம்புட்டு அழுகையத் தாங்கியிருக்கு, ஒரு சம்பந்தியத் தாங்காதா?" என்று சொல்லிவிட்டுப் பன்னீர்ச் செம்பைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஆவுடை நன்றாகத்தான் இருக்கிறாள், இரண்டு பிள்ளை, மாமியார் தங்கம். அவளிடம் இதுவரைக்கும் சொன்னதில்லை. என் தோள் குலுங்குகிறது. நிறுத்த முடியவில்லை. பின்வரிசையில் இருந்து ஒரு கை வந்து முதுகைத் தடவுகிறது. "அழுவட்டும் விடுங்க, அழுதாத்தான் ஆறும்," என்கிறது ஒரு குரல். ஆவுடையும் என்னைப் பார்த்து ஓவென்று அழுகிறாள். செயலாளர் பேச்சை நிறுத்திவிட்டார். சபையே எனக்காக வருந்துகிறது, நான் தலைப்புக்குள் சிரித்துக்கொண்டிருக்கிறேன். பூமி பிளந்து உள்ளே வாங்கிக்கொண்டால் தேவலை.

அவர் பொல்லாத புருஷனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதி. ஊருக்கு உபகாரி, வீட்டுக்கு உதவாக்கரை என்று நாலு பேரிடம் மூக்கைச் சிந்தியிருக்கலாம். அப்படியும் இல்லையே. எனக்கு டைபாய்டு வந்த வருஷம் என் சேலை, பாவாடை எல்லாவற்றையும் அவரே துவைத்துத் தெருப்பக்கக் கொடியில் காயப்போட்டார். "உள்ள போடுங்க, நாலு பேரு பாப்பாக" என்றால், "பாக்கட்டும், நான் என்ன களவாண்டா கொண்டாந்தேன்" என்றார். ஆவுடைக்குப் பத்தாம் வகுப்புவரை சடை பின்னிவிட்டது அவர்தான், எனக்கு இரட்டைச் சடை நேராக வராது. எங்கள் அம்மா படுக்கையில் விழுந்தபோது மருமகன் என்று பார்க்காமல் தூக்கி உட்காரவைத்தவர். குடி கிடையாது, சீட்டு கிடையாது, கைநீட்டினது கிடையாது. நான் எதைச் சொல்லிக் குறைபட? வீட்டுக்குள் வந்ததும் செருப்பைக் கழற்றி, வாசலைப் பார்க்கத் திருப்பி வைப்பார், அதைச் சொல்லவா? சோற்றில் கை வைத்திருக்கும்போது வாசலில் நிழல் தட்டினால், யார் என்று பார்க்கும் முன்பே கையைக் கழுவிவிடுவார், அதைச் சொல்லவா? அந்த நிழல்கள். கதவைத் திறப்பது நான்தான். வேர்த்து, முடி கலைந்து, வாயைத் திறக்கத் தெரியாமல் நிற்கிற முகங்கள். "மதினி, அண்ணாச்சி இருக்காகளா?" அவ்வளவுதான் கேட்பார்கள், எனக்குப் புரிந்துவிடும். உள்ளே திரும்பி அவரைப் பார்ப்பேன், அவர் எழுந்து நின்றிருப்பார். ஐயோ பாவம், யார் வீட்டில் என்ன போயிற்றோ என்று ஒரு தடவையாவது எனக்கு முதலில் தோன்றியிருக்கிறதா? இன்றைக்கும் போச்சா என்றுதான் தோன்றும். இன்றைக்குச் சினிமாவுக்குப் போகலாம் என்றிருந்தோமே, இன்றைக்குச் சங்கரன்கோவில் போகலாம் என்றிருந்தோமே. செத்தவர்கள் மேல் எனக்குப் பொறாமை. சிரிப்பார்கள், வெளியே சொன்னால் சிரிப்பார்கள். உயிரோடு இருக்கிற நான் கூப்பிட்டால் வராதவர் செத்தவர்கள் கூப்பிட்டால் ஓடினார். ஓடினதும் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது, அதுதான் கஷ்டம். தெருவில் லிங்கம் அண்ணாச்சி பெண்டாட்டி என்று எனக்குக் குழாயடியில் வழிவிடுவார்கள், முதல் குடம் என்னுடையது, கொஞ்சம் நிமிர்ந்துதான் போவேன்.

மாரியம்மன் கொடைக்கு சீரியல் லைட் கட்டிக்கொண்டிருந்தவர், "கொஞ்சம் இருங்கப்பா" என்று சொல்லிவிட்டுக் கோயில் படியில் உட்கார்ந்தாராம். அதோடு சரி. வீட்டுக்குக் கொண்டுவந்தபோது நான் வாசலில் நின்றேன், எனக்கு ஒன்றும் ஓடவில்லை, கடையில் வேலை பார்க்கிற ராமையா அழுதுகொண்டே வந்து, "மதினி, சேரு எங்கன போட?" என்றான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, அவனுக்கு யாரிடமாவது கேட்க வேண்டும், வழக்கமாக அவன் கேட்கிற ஆள் உள்ளே படுத்திருக்கிறார். நான் சொன்னேன். பொம்பளைகளுக்கு உள்முற்றத்தில், ஆம்பளைகளுக்கு வேப்பமரத்து நிழலில், வெயில் திரும்பினால் கிழக்கே தள்ளிப் போடு, தண்ணீர்க் கேன் வாசலில் வேண்டாம், வழுக்கும். கணீரென்று சொன்னேன். தாலியறுத்த பொம்பளை நின்று நாற்காலிக்கு இடம் சொன்னாள் என்று யாராவது பேசியிருப்பார்கள். பத்தாம் நாள் இன்னும் மோசம். கருமாதி வேலைக்குக் காய்கறி நறுக்கிக்கொண்டிருக்கிறேன், வாசலில் நிழல். அடுத்த தெரு முருகேஸ்வரி, மாமனார் போய்விட்டாராம். "மதினி, இந்த நேரத்துல வந்து கேக்குறதுக்கு நாக்கப் பிடுங்கிக்கிடலாம் போல இருக்கு, எங்க வீட்டு ஆளு வெளியூர்ல இருக்காரு, எனக்கு வேற யாரத் தெரியும்?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். திருமணி உடனே எழுந்துவிட்டான். அப்பா மாதிரியே, யார் என்னவென்று முழுக்கக் கேட்பதற்கு முன்பே, சாவியை எடுத்துக்கொண்டு நின்றான். அதைப் பார்த்ததும் எனக்குள் என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. பயம்தான். என் புருஷன் செத்ததைக்கூட நான் ஒழுங்காக உட்கார்ந்து அழ முடியாது, ஊரில் சாவு நிற்காது, அந்த நாற்காலிகள் இருக்கிறவரை வாசலில் நிழல் நிற்கும், இனிமேல் மகனும் சோற்றில் பாதியில் கையைக் கழுவுவான், நாளைக்கு அவனுக்கு வருகிறவளும் என்னைப்போல் கதவைத் திறந்து முகத்தைச் சுளிப்பாள். நாற்காலி போய்த் திரும்பி வந்த அன்றைக்கே சொல்லிவிட்டேன். "எல்லாத்தையும் வித்துரு. ஒண்ணுகூட எங் கண்ணுல படக்கூடாது." "அம்மா, திருப்பூர் வேலைய விட்டுட்டு வந்து நான் பாக்குறேம்மா. அப்பா பேரும்மா அது." "நீ பாத்தா நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன். உங்கப்பா படத்த எடுத்துக்கிட்டு எங்கிட்டாவது போயிருவேன்." கடைச் சாவியை ஆணியில் மாட்டினான். பிறகு, "சரி, யாரு கேட்டாலும் நான்தான் விக்கிறேன்னு சொல்லுதேன், நீ வாயத் தொறக்காத, இந்த ஊர்ல நீ இருக்கணும்லா" என்றான். நான் வாயைத் திறக்கவில்லை. பிள்ளை சொன்னதைக் கேட்கிற நல்ல அம்மா. இருபது நாளாக அவன் டீக்கடைக்குப் போவதில்லை, முடிவெட்டப் போனவன் அங்கே பேசின பேச்சுத் தாங்காமல் பாதியில் எழுந்து வந்துவிட்டான், ஒரு காது ஓரம் முடி இன்னும் வெட்டாமல் நிற்கிறது. திரும்பிப் பார்த்துவிட்டேன். அந்தக் காதைப் பார்த்துவிட்டேன்.

இப்போது பால்துரை அண்ணாச்சி பேசுகிறார். மரக்கடை, சங்கத்துக்குத் தலைவர், என் வீட்டுக்காரருக்குச் சிநேகிதர், பந்தல் கால் எல்லாம் அவர் கடை மூங்கில்தான். நல்ல மனுஷர், ஆனால் மைக்கைப் பிடித்தால் பத்துப் பேரைக் கடிக்காமல் இறங்க மாட்டார். "லிங்கம் போயிட்டான். போகட்டும், எல்லாரும் போகப்போறவன்தான். ஆனா அவன் வச்சிட்டுப் போன தர்மம் இருக்கு பாருங்க, அது போகக் கூடாது. அப்பன் வச்ச மரத்துல பழம் பறிச்சுத் திங்கலாம். மரத்தையே வெட்டி விறகுக்குப் போடுதவனை என்ன சொல்றது? நான் யாரையும் பேரு சொல்லல. ஈரம் காயறதுக்குள்ள, அப்பன் உடம்பு ஈரம் காயறதுக்குள்ள…" நிறுத்திவிட்டு, முன்வரிசைக் கடைசியைப் பார்க்கிறார். அவர் பார்த்ததும் மண்டபமே பார்க்கிறது. "சரியாச் சொன்னீங்க" என்று சுவரோரத்தில் ஒரு குரல். ஆவுடை குனிந்துகொள்கிறாள், தம்பிக்காக வெட்கப்படுகிறாள். திருமணி அசையவில்லை. கழுத்து மட்டும் சிவந்து, அந்த வெட்டாத காது ஓரம்வரைக்கும் ஏறுகிறது. ஏய்யா, நீயாவது எழுந்து சொல்லேன், எங்கம்மா சொல்லித்தான் விக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லேன், நான் தப்பித்துக்கொள்வேன். அவன் சொல்ல மாட்டான். நான்தான் பேர் ராசி இல்லாதவள், பேச்சியம்மாள் என்று வைத்துவிட்டு ஒரு பேச்சும் வராமல் பண்ணிவிட்டார்கள். சொன்னால் என்ன ஆகும்? குழாயடியில் வழிவிட மாட்டார்கள். லிங்கம் பெண்டாட்டியா இப்படி என்பார்கள். நான் இந்த ஊரில்தான் சாக வேண்டும், எனக்கும் யாராவது நாற்காலி போட வேண்டும். பார், இப்போதும் எனக்கு என் சாவுக்கு நாற்காலிதான் கவலை, பிள்ளையின் கழுத்து சிவந்திருக்கிறது, எனக்கு என் நாற்காலி கவலை. த்தூ. நாளைக்கு லாரி வருகிறது, அதை நிறுத்தவும் எனக்கு மனசில்லை, நாற்காலிகள் போகட்டும், எனக்கு வேண்டாம், அதில் ஒன்றும் மாறவில்லை. பழி மட்டும் இடம் மாற வேண்டும். அது என்னுடையது. "லிங்கத்தோட வீட்டம்மா ரெண்டு வார்த்த பேசணும்னு சபை கேட்டுக்கிடுது. முடியலைன்னா கும்பிட்டாப் போதும்மா," என்கிறார் பால்துரை அண்ணாச்சி. கும்பிட்டால் போதும். கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிடலாம். யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். எழுந்து நிற்கிறேன். ஆவுடை என் சேலையைப் பிடித்து இழுக்கிறாள். கும்பிடுவதற்குக் கை சேரவில்லை, கால்தான் நடக்கிறது.

மேடையில் வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது. எல்லா முகமும் ஒரே முகமாகத் தெரிகிறது. மைக்கில் என் மூச்சு எனக்கே பெரிதாகக் கேட்கிறது. "கடைய விக்கச் சொன்னது எம் மகன் இல்ல," என்கிறேன். "நான். நான்தான் விக்கச் சொன்னேன். அவன் வேண்டாம்னு சொன்னான், நானே பாத்துக்கிடுதேன்னு கெஞ்சினான். நான் கேக்கல. எனக்குப் பிடிக்கல. அந்தச் சேரு எதுவும் எனக்குப் பிடிக்கல." சொல்லிவிட்டேன். அவ்வளவுதான், வெளியே வந்துவிட்டது. யாராவது ஏசுவார்கள் என்று காத்துக்கொண்டு நிற்கிறேன், ஏசினால் நன்றாக இருக்கும் என்று நிற்கிறேன். மூன்றாம் வரிசையில் முருகேஸ்வரி முந்தானையால் கண்ணைத் துடைக்கிறாள். பக்கத்தில் இன்னொருத்தி. பால்துரை அண்ணாச்சி என் அருகில் வந்து, கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மைக்கைத் தன் பக்கம் திருப்புகிறார். குரல் கரகரக்கிறது. "கேட்டீங்களா? கேட்டீங்களாய்யா? எம்புட்டுப் பழி வந்தாலும் எந் தலையில விழட்டும், எம் பிள்ள மேல விழக்கூடாதுன்னு ஒரு தாயி வந்து நிக்கா பாருங்க. பெத்த மனம் பித்துன்னு சும்மாவா சொன்னான்." மீதியை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. பிள்ளை மனம் கல்லு, பிள்ளை மனம் கல்லு என்று மண்டபம் முழுக்க முணுமுணுப்பாக ஓடுகிறது. "இல்ல, நெசமாத்தான், நான்தான் சொன்னேன்," என்கிறேன், மைக் அவர் பக்கம் இருக்கிறது. "நெசமாத்தான் சொல்லுதேன், நம்புங்க." கை தட்டுகிறார்கள். துக்கக் கூட்டத்தில் யாரும் கை தட்ட மாட்டார்கள், எனக்குத் தட்டுகிறார்கள். நான் இன்னும் உரக்கக் கத்துகிறேன், கத்தக் கத்தக் கைதட்டல் கூடுகிறது. இத்தனை நேரம் அப்பன் பேரை விற்றவனாக இருந்தவன், இப்போது பெற்றவளைப் பொய் சொல்ல வைத்தவனும் ஆகிவிட்டான். நான்தான் ஆக்கினேன்.

திருமணி எழுந்து வருகிறான். மேடைக்கு ஏறாமல் கீழே நின்று கையை நீட்டுகிறான். "வாம்மா," என்கிறான், "போதும், எனக்குத் தெரியும்லா." பிடித்துக்கொண்டு இறங்குகிறேன். நாற்காலி வரிசைகளுக்கு நடுவே எங்களுக்கு வழிவிடுகிறார்கள். என் பக்கம் இருக்கிறவர்கள் கையைத் தொடுகிறார்கள், ஒரு கிழவி என் கன்னத்தைத் தடவித் தன் நெற்றிப்பொட்டில் சொடக்கு எடுக்கிறாள். அவன் பக்கம் இருக்கிறவர்கள் முழங்காலை மடக்கி உள்ளே இழுத்துக்கொள்கிறார்கள். நான் அவன் கையை இறுக்கிப் பிடிக்கிறேன். "பாத்தியா, இம்புட்டுக்கு அப்புறமும் விட்டுக்கொடுக்க மாட்டேங்கா," என்கிறாள் ஒருத்தி. பிடித்த கையை உதறிவிட்டு, இந்த நடு மண்டபத்தில் அவனை நாலு வார்த்தை ஏசினால்தான் நம்புவார்களோ என்னவோ. அவன் கை வேர்த்திருக்கிறது. மாடிப்படியில் பார்த்து இறங்கச் சொல்கிறான்.